மீட்டர் வீட்டு மௌனம்

இன்டர்நெட் போன் வந்த நான்காவது மாதம் மீட்டர் வீட்டு முன்னறையில் மௌனம் கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. ஈரம் கிடையாது. வெறுங்காலோடு நின்றால் மட்டும் ஒரு சில்லிப்பு தெரியும். மேஜையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் தவறி விழுந்தால் தரையில் எழ வேண்டிய சத்தம் எழாது. அது உருண்டு போய் நாற்காலிக் காலில் முட்டி நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் விழுந்த சேதி தெரியும். நின்றபடி கை தட்டினால் பளிச்சென்று கேட்டது. குனிந்து தரையோரமாகத் தட்டினால் இரண்டு கைகளும் சேர்ந்து பிரிவது மட்டும் தெரிந்தது. செருப்புச் சத்தம் இல்லாமல் ஆட்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். மீட்டருக்கு இது ஆகவே ஆகாத காரியம். ஒருவர் வருவதை முதலில் காலடியில் கேட்டு, யார் என்று அனுமானித்து, எதற்கு வருகிறார் என்று சந்தேகப்பட்டு, அதற்குப் பிறகு நிமிர்ந்து பார்ப்பது அவர் பழக்கம். இப்போது சந்தேகப்பட அவகாசமே தராமல் ஆள் எதிரே நின்றது. முதலில் தன் காதைச் சந்தேகப்பட்டார். காது டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். அதனால் டாக்டரைச் சந்தேகப்பட்டார். பிறகு தரையை. கொத்தனாரை அழைத்து வந்து தட்டிப் பார்க்கச் சொன்னார். கொத்தனார் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார், சுத்தியலைத் திருப்பிப் பார்த்தார், இன்னொரு தட்டு தட்டினார், கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மீட்டர் என்பது தெருவில் வைத்த பெயர். தண்ணீர் அலுவலகத்தில் அவர் மீட்டர் பார்க்கிறவர். வீடு வீடாகப் போய் ஓடிய தண்ணீரைக் குறிப்பது பாதி வேலை, ஓடியும் மீட்டருக்குத் தெரியாமல் போன தண்ணீரைக் கண்டுபிடிப்பது மீதி வேலை. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்கடியில் போகிற குழாய் எந்த இடத்தில் கசிகிறது, எந்த இடத்தில் கள்ளத்தனமாகப் பிரிகிறது என்று சொல்லிவிடுவார். ஒரு குழாயைப் பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னொரு குழாய் இருக்கும் என்பது அவர் எண்ணம். பல சமயம் இருக்கவும் செய்தது. அந்த எண்ணத்தைச் சாயங்காலம் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வருகிற சாமர்த்தியம் அவருக்கு இல்லை. பால் பொங்கி வழிந்தால் துணியில் துடைத்தது போக மீதி எங்கே என்று கேட்பார். தன் நிழல் பின்னால் வந்தாலும் நின்று அடையாள அட்டை கேட்கிற மனிதர் என்று அவருடைய மைத்துனன் சொல்வான்.

வீட்டு லேண்ட்லைனை எடுத்துவிட்டு இன்டர்நெட் போன் வைக்கலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தவனும் அந்த மைத்துனன்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். "பேசினாலும் பேசாட்டியும் மாசாமாசம் வாடகை கட்டறீங்களே அத்தான். நிக்கிற டாக்சிக்கு மீட்டர் ஓடற மாதிரி இல்ல இருக்கு?" என்றான். இந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஓடாத வண்டிக்கு மீட்டர் ஓடுவதை மீட்டர் எப்படிப் பொறுப்பார். அவர் சரி என்று சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"பழைய போனே இருக்கட்டுமே."

"ஏன்?"

"நல்லாத்தானே இருக்கு."

"நாளெல்லாம் சேர்த்தா பத்து வார்த்தை பேச மாட்டே. உனக்கு எந்தப் போன் இருந்தா என்ன?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எதையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொன்னதில்லை. வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பின் நிறம் பற்றிக்கூட வாய் திறக்காதவள் ஒரு போனுக்காக வாய் திறந்தது மீட்டருக்கு உறுத்தியது. "நாளைக்கே மாத்திடு," என்று மைத்துனனிடம் சொன்னார்.

மறுநாள் இன்டர்நெட் போனை மாட்டுகிற பெட்டிக்காரன் வந்தான். பழைய கறுப்பு வயரைச் சுவரிலிருந்து உருவிச் சுருட்டிவிட்டு, சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை மேஜையில் வைத்து, பழைய போனையே அதில் சொருகினான். அதே நம்பர், அதே போன், செலவு மட்டும் குறைவு என்றான். எப்படிக் குறையும் என்று மீட்டர் கேட்டார். யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் பெட்டிக்காரன் விளக்கினான். "பேச்சை மட்டும்தான் சார் இது அனுப்பும். நடுவுல நீங்க சும்மா இருக்கற நேரத்தை அனுப்பாது. அங்கதான் மிச்சம்."

"அனுப்பாம அதை என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது சார். அதுதான் ஒண்ணுமே இல்லையே."

ஒண்ணுமே இல்லை சார் என்ற வாக்கியத்தை மீட்டர் எத்தனையோ வாசல்களில் கேட்டிருக்கிறார். அதைச் சொன்ன வீடுகளில்தான் சுவரை உடைத்ததும் குழாய் இருந்தது. மேலும் துருவினார். மௌனத்தை அனுப்பாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் லைன் செத்துவிட்டது என்று வைத்துவிடமாட்டாரா? அதற்கும் வழி இருக்கிறது என்றான் பெட்டிக்காரன். ஸ்ஸ் என்று ஒரு மெல்லிய இரைச்சலைப் பெட்டியே தயாரித்துக் காதில் விடும்.

"பொய்ச் சத்தமா?"

"பொய்னு சொல்லக்கூடாது சார். ஒரு ஆறுதலுக்கு."

வராத தண்ணீர் எங்கோ தேங்கும், அனுப்பாத எதுவும் எங்கோ சேரும் என்று அன்றைக்கே மீட்டர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் முதல் மாதத்து பில் வந்தபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வீட்டில் ஒரு மகள் இருந்தாள். பெட்டி வருவதற்கு மூன்று வருஷம் முன்னால் போய்விட்டாள். மீட்டர் பிடித்த திருட்டு இணைப்புகளில் மிகப் பெரியது ஒரு மாவு மில் வீட்டில் இருந்தது; மூன்று தலைமுறையாக மீட்டருக்குத் தெரியாமல் குடித்து, குளித்து, மாடு கழுவிய தண்ணீர். அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவதற்காக அந்த வீட்டுப் பையன் மீட்டர் வீட்டுக்கு வந்தான். மீட்டர் குளித்துக்கொண்டிருந்தார். பையன் வெயிலில் நிற்பதைப் பார்த்து மகள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் திருடினவனுக்கே தண்ணீர் கொடுத்த கதை என்று தெரு வெகுநாள் பேசிச் சிரித்தது. அபராதம் குறையவில்லை. ஆனால் பையன் மறுபடி மறுபடி வந்தான். கடைசியில் ஒருநாள் மகள் அவனோடு போய்விட்டாள். ஒரு வீட்டின் எல்லாக் குழாயையும் கண்டுபிடித்த தனக்குத் தன் வீட்டிலேயே ஓர் இணைப்பு பிரிந்து போனது தெரியாமல் இருந்ததுதான் மீட்டரை அதிகம் சுட்டது. மனைவியைக் கூப்பிட்டு, இனிமேல் மகளோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். அவள் பேச மாட்டேன் என்றாள். ஒரே ஒரு வார்த்தைகூடவா என்று கேட்டார். ஒரே ஒரு வார்த்தைகூட என்றாள். கடிதத்திலும்? எழுத மாட்டேன் என்றாள். ஆள் மூலம் சொல்லி அனுப்புவது? மாட்டேன் என்றாள். தண்ணீர் மீட்டருக்கு ஈய முத்திரை குத்துவதைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கசிவதற்கு இடமில்லை என்று தெரிந்த பிறகுதான் விட்டார். அவள் வாக்குத் தவறாதவள் என்பது அவருக்குத் தெரியும். அவரே சந்தேகப்படாத ஒரே விஷயம் அது.

ஐந்தாவது மாதம் மௌனம் முழங்காலுக்கு வந்தது. மீட்டர் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். காலையில் போட்ட கோட்டுக்கும் மாலையில் போட்ட கோட்டுக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி இருந்தது. இரவில் ஏறவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஏறவில்லை. அவர் வீட்டில் இல்லாத பகலில் மட்டும் ஏறியது. வாசற்படியின் உயரம் தாண்டியதும் கொஞ்சம் தெருவுக்கு வழிந்தது. எதிர்வீட்டு டெய்லர் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார், ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரியாமல் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு நேராக வந்து, "உங்க வீட்டுல இருந்துதான் ஏதோ வருது. கொஞ்சம் கட்டிப்போடுங்க," என்றார், சாக்கடைத் தண்ணீரைப் பற்றிச் சொல்வதைப் போல. மீட்டர் வாசலில் ஒரு வரிசைச் செங்கல் வைத்துப் பூசினார், ஏற ஏற அதன்மேல் இன்னும் வரிசைகள் வைத்து இடுப்பளவுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு தெருவுக்கு வரவில்லை. உள்ளே ஏறியது.

கசிவைக் கண்டுபிடிக்க அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வால்வாக மூடிக்கொண்டே வர வேண்டும்; எதை மூடியதும் நிற்கிறதோ அதற்குப் பின்னால்தான் கோளாறு. வீட்டில் மூடுவதற்கு இருந்த வால்வுகள் இரண்டே. முதலில் தன்னை மூடினார்: ஒரு வாரம் போனைத் தொடவே இல்லை. மௌனம் பழையபடி ஏறியது. அடுத்த வாரம் மனைவியை அவள் தம்பி வீட்டுக்கு அனுப்பினார். கோடு அசையவில்லை. அவள் திரும்பி வந்த அன்றைக்கே ஏறியது. ஆக, தேங்குவது அவளுடையது. மீட்டர் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஒருத்தி போனில் ஒளித்துப் பேசினால் என்ன பேசினாள் என்று கேட்கலாம், மிரட்டலாம், கெஞ்சலாம். இடுப்பளவு சேரும்படி ஒருத்தி போனில் பேசாமல் இருந்தால் என்ன கேட்பது. யாரோடு ஒரு மனுஷி இவ்வளவு பேசாமல் இருக்க முடியும் என்று யோசித்தார். தன்னோடுதான் அவள் அப்படி இருக்கிறாள் என்று நினைத்திருந்தார். இன்னொருவரோடுமா? சாப்பிடும்போது அவளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவள் குழம்பு ஊற்றினாள். போதும் என்று கையைக் காட்டும்வரை ஊற்றினாள். அதிலும் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

ஒருநாள் வேலையைப் பாதியில் விட்டுப் பகலிலேயே திரும்பினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. திருடனுக்குச் செய்கிற வசதியை மௌனம் காவல்காரனுக்கும் செய்தது. மனைவி மேஜைக்குப் பக்கத்தில் இடுப்பளவு மௌனத்தில் நின்றிருந்தாள். ரிசீவர் காதில் இருந்தது. வாய் மூடியிருந்தது. இன்னொரு கையில் கரண்டி. ரிசீவரின் வாய்ப்பக்கம் ஒரு தட்டைப் பிடித்து வைத்து அதன் விளிம்பில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினாள், கண்ணை மூடிக் கேட்டாள், மறுபடி தட்டினாள்.

"யாரு?" என்றார் மீட்டர்.

அவள் திடுக்கிடவில்லை. ரிசீவரை வைத்தாள். "யாருமில்லை."

"யாருமில்லாததுக்கா காதைக் கொடுத்துட்டு நிக்கறே?"

"முன்ன இருந்தா. இப்ப ஸ்ஸ்னுதான் கேக்குது."

"யாரு இருந்தா?"

"உங்க பொண்ணு."

"சத்தியம் பண்ணினியேடி."

"பண்ணினேன். பேச மாட்டேன்னு பண்ணினேன். கேக்க மாட்டேன்னு நீங்க வாங்கலையே. ஒரு வார்த்தை பேசியிருந்தா என் நாக்கு அழுகட்டும். நம்பிக்கை இல்லைன்னா அவளையே கேளுங்க."

"நான் எதுக்கு அவளைக் கேக்கறேன்?"

"அப்ப என்னை நம்புங்க."

மூன்றாவது வழி எதுவும் மீட்டருக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அன்றைக்குச் சொன்னதுதான் அந்த வீட்டில் அவள் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீண்ட பேச்சு. மகள் போன முதல் வாரத்திலிருந்தே பகலில் மணி அடித்தது. முதல் நாள் மகள் அம்மா என்றாள், இவள் பேசவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா என்ன வாங்கியிருப்பார் என்று அவளுக்கா தெரியாது. அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை. தான் பேசினால் அம்மாவுக்குப் பதில் முட்டிக்கொண்டு வரும் என்று. இரண்டு பேரும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அவரவர் வேலையைச் செய்தார்கள். பழைய லைனில் எல்லாம் கேட்டது. மகளுக்குச் சளி பிடித்தது கேட்டது. வீடு மாறியது கேட்டது, புது வீட்டு ஜன்னல் பஸ் போகிற தெருவைப் பார்த்து இருந்தது. மூச்சைக் கேட்டாலே அன்றைக்குச் சாப்பிட்டாளா இல்லையா என்று தெரிந்தது. இந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. மூச்சை அது பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாயைத் திறந்து வைத்துப் பார்த்தாள், அதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு முனகிப் பார்க்கலாம். முனகல் வார்த்தையில் சேருமா சேராதா என்று தெரியவில்லை, அதனால் செய்யவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும் போகிறது போல் இருக்கிறது, ஆனால் கரண்டிச் சத்தத்தில் என்ன தெரியும். கொஞ்ச நேரம் யாரும் பேசாவிட்டால் பெட்டியே லைனை வெட்டிவிடுகிறது. "நான்தான் வைக்கறேன்னு அவ நினைச்சுக்கறா. முன்ன தினம் அடிச்சுது. அப்புறம் வாரம் ஒரு தரம். அடிக்காத நாள்லயும் ரிசீவரைக் காதுல வச்சுட்டு நின்னேன். ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் அடிச்சுது. இனி அடிக்காது. அம்மாவும் கையை விட்டுட்டான்னு முடிவு பண்ணியிருப்பா."

சத்தியம் உடையவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. தான் குத்திய முத்திரைக்குப் பக்கத்திலேயே மூன்று வருஷம் ஓடியிருக்கிறது என்பதில் ஒரு கொதிப்பு இருந்தது. இரண்டும் சேர்ந்து அவரை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டன.

அவள் சண்டை போடவில்லை. வேலையை முடித்துவிட்டு வந்து முன்னறைத் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் மௌனம் அவள் தலைக்கு மேல் நின்றது. அதற்குள் இருந்துகொண்டு பேசத் தொடங்கினாள். உதடு அசைந்தது, கை அசைந்தது, நடுவில் ஒருமுறை சிரித்தாள், ஒருமுறை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு சத்தம் வெளியே வரவில்லை. "என்ன சொல்றே?" என்றார் மீட்டர், மேலேயிருந்து. அவள் அவரைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். இத்தனை வருஷம் நாளைக்குப் பத்து வார்த்தை பேசினவள் மணிக்கணக்காகப் பேசினாள், அதில் ஒன்றுகூட அவருக்கு வரவில்லை. அவர் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றார். அடிக்கடி உதடு ஒட்டிப் பிரிந்தது. அது பாவியாகவும் இருக்கலாம், பாப்பாவாகவும் இருக்கலாம். பாவியாகத்தான் இருக்கும் என்று முடிவுசெய்தார். தரையில் படுத்து அவள் வாயருகே காதைக் கொண்டுபோனார், கேட்கவில்லை. இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து ஒரு முனையை அவள் பக்கத்தில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தார். மண்ணுக்கடியில் மூன்று தெரு தள்ளிப் போகிற தண்ணீர் கேட்டது, பக்கத்தில் இருக்கிற பெண்டாட்டி கேட்கவில்லை. ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, அது மீட்டரில் ஏறவில்லை. வாழ்நாள் முழுக்க எதைப் பொறுக்க முடியாமல் இருந்தாரோ அது அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தது. இரக்கத்தால் அவர் மாறினார் என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். அப்படியில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டியிருந்தது. மைத்துனனைக் கூப்பிட்டுப் பெட்டிக்காரனை அழைத்து வரச் சொன்னார்.

பெட்டிக்காரன் செங்கல் வரிசைகளை ஏறித் தாண்டி உள்ளே இறங்கியதும், "ஏசி போட்டிருக்கீங்களா சார்?" என்று கேட்டான். நிலவரத்தைச் சொன்னார்கள். அவன் அசரவில்லை, இந்தத் தொழிலில் இதைவிட மோசமான புகார்கள் வரும் என்பதைப் போலத் தலையாட்டினான். "ஒரு செட்டிங் இருக்கு சார். மௌனத்தையும் அனுப்புன்னு சொல்லிட்டா அனுப்பிடும். ஆனா டேட்டா கன்னாபின்னான்னு போகும். நீங்க மிச்சம் பிடிக்கறது எல்லாம் அதுலயே போயிடும்."

"போகட்டும்," என்றார் மீட்டர்.

அவர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்ததே இல்லை. மைத்துனன் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தான்.

"இதுவரைக்கும் தேங்கினது?" என்று மீட்டர் கேட்டார்.

"அது அனுப்ப வேண்டியதுதானே சார். அடுத்த கால்ல கிளம்பிடும்."

"யாருக்குப் போகும்?"

"யாருக்குப் போக வேண்டியதோ அவங்களுக்கு. மாறிப் போகாது."

மாறிப் போகாது என்பதை எப்படி நம்புவது என்று மீட்டர் கேட்க வாய் திறந்தார். அதற்குள் பெட்டிக்காரன் வேலையை முடித்து, கடைசியாக வந்த நம்பர் பெட்டியிலேயே இருக்கிறது என்று ஒரு பொத்தானைக் காட்டிவிட்டு மைத்துனனோடு வெளியேறினான். பொத்தானை அழுத்தக்கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கியிருக்கவில்லை. மனைவி எழுந்து வந்து அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்து அலோ என்றார்கள். மனைவி மூச்சு விட்டாள்.

மௌனம் கிளம்பிவிட்டது. சுவரில் போட்டிருந்த கோடுகள் மேலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதலில் நாற்காலியின் கைப்பிடி கிறீச்சிட்டது. பிறகு மேஜை இழுப்பறைக்குள் ஏதோ ஒரு பூச்சி சுரண்டுவது கேட்டது. அதன் பிறகு, முன்னெப்போதோ விழுந்து சத்தம் பாக்கி இருந்த பொருள்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து முடித்தன: டம்ளர், சீப்பு, கொத்தனாரின் மூன்று சுத்தியல் அடி. பெட்டியின் வயர் கையால் தொட முடியாத அளவுக்குச் சில்லிட்டிருந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் முகத்தில் வந்ததை மீட்டர் பார்த்தார். பார்த்ததும் சந்தேகம் வந்தது.

"இப்படிக் கொடு. நடுவுல வார்த்தை ஏதாவது கலந்து போகுதான்னு பாக்கணும்."

அவள் கொடுத்தாள். மீட்டர் ரிசீவரைக் கம்பியைப் பிடிப்பதைப் போலப் பிடித்துக் காதில் வைத்தார். முதலில் தன் வீட்டு மௌனம் போகிற ஓட்டம்தான் கேட்டது, அகலமாக, அவசரமில்லாமல். அதைத் தள்ளிவிட்டு அதற்கு அப்பால் கேட்டார். ஒரு மூச்சு இருந்தது. அழுகையை மூக்குக்கு மேலே விடாமல் பிடித்து வைத்திருக்கிற மூச்சு. அது யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கு நடுநடுவே இன்னொன்று பிரிந்து ஓடியது. சின்னது, வேகமானது, கொஞ்சம் மூக்கடைத்தது.

"அங்க ரெண்டு பேரு இருக்காங்க," என்றார்.

"தெரியும்," என்றாள் மனைவி.

"அவனா?"

"அவன் மூச்சு அவ்வளவு சின்னதாவா இருக்கும்?"

மீட்டர் மறுபடி கேட்டார். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"இந்தப் பெட்டி வர்றதுக்கு முந்தின வாரத்துலேர்ந்து."

"ஆணா, பொண்ணா?"

"மூச்சுல அதெல்லாம் எப்படித் தெரியும்? ரிசீவர் உங்க கையிலதான் இருக்கு. நான்தான் பேசக்கூடாது. நீங்க யாருக்கும் எதுவும் சத்தியம் பண்ணிக் கொடுக்கலையே."

அது உண்மை. அவளிடம் வாங்கியபோது தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தேவைப்படாது என்று நினைத்திருந்தார். தொண்டையைக் கனைத்தார். மகளோடு பேசுகிற சொற்களையெல்லாம் எங்கோ மூடி வைத்து, எந்த வால்வு என்று மறந்திருந்தார். வாயில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும், முகத்தைக்கூடப் பார்க்காமல், முதலில் கேட்கிற கேள்வி. அது வந்தது.

"வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?"

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பெட்டி அந்த ஒன்றுமில்லாததையும் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தது. பிறகு, வாசலில் நிற்கிற மீட்டர்காரனுக்கு எந்த வீட்டுக்காரியும் சொல்கிற குரலில் பதில் வந்தது.

"மூணு பேரு, சார். நாங்க ரெண்டு பேரு, ஒரு பொண்ணு."

"நேர்ல வந்து பாத்தாதான் ஒத்துக்க முடியும்," என்றார் மீட்டர், அலுவலக வழக்கப்படி.

"வந்து பாத்துக்கோங்க," என்றாள் மகள்.

அந்த வாரமே போய்ப் பார்த்தார். உள்ளே நுழைவதற்கு முன்னால் வாசலில் குந்தி அந்த வீட்டு மீட்டரைப் பார்த்தார். ஒழுங்காக ஓடியது. சுவரைச் சுற்றி வந்தார், கம்பி வைத்துக் கேட்டார், திருட்டு இணைப்பு எதுவும் இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மருமகன் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்டுவிட்டுக் குடித்தார்.

சத்தியத்தை மீட்டர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவள் எடுத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை. மகள் வீட்டுக்கு வரும்போது தாய் அவளோடு இன்றைக்கும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேத்தியோடு பேசுகிறாள். உங்கம்மா இளைச்சுட்டா, சாப்பிடச் சொல்லு என்கிறாள்; உங்கம்மாகிட்ட கேளு, அந்த வீட்டுக் கூரை இன்னும் ஒழுகுதான்னு என்கிறாள். பேச்சு வராத குழந்தை எதையும் சொல்வதில்லை, மகள் பதில் சொல்லிவிடுகிறாள். ஆள் மூலம் சொல்லி அனுப்பக்கூடாது என்ற பிரிவில் இது சேரும் என்று மீட்டருக்குத் தெரியும். பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார். முன்னறை மௌனம் முழுக்கப் போகவில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. எத்தனை முறை போன் போட்டாலும் அதற்குக் கீழே இறங்கவில்லை. மனைவியுடையது எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, இது வேறு யாருடையதோ என்று பெட்டிக்காரன் சொன்னான். தன்னுடையது இல்லை என்று மீட்டர் சொல்கிறார். பில் பழைய லேண்ட்லைனைவிடக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். வந்தால் மேஜைமேல்தான் உட்கார வைக்கிறார்கள். கீழே விட்டால் அழுதாலும் கேட்காது.